தமயந்தியின் பார்வை

காலையில் தலையில் வைத்த எண்ணெய் நெற்றியில் வழிய, என் மருமகள் தமயந்தி குழந்தையைத் தோளிலிருந்து தொட்டிலுக்கு இறக்கினாள். “மாமா, அசையாதீங்க. இவன் தூங்கினாத்தான் எனக்குக் குளியல்.” அவள் குழந்தைக்கு அடியிலிருந்து கையை மெல்ல உருவி எடுப்பதற்குள் எதிர்மனையில் ஒரு வீடே கட்டி முடித்திருப்பார்கள். அந்நேரம் பார்த்து அடுப்பில் குக்கர் சீறியது. தமயந்தி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கிளம்பிய விசில் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தெருவில் கீரைக்காரர் ஒலிபெருக்கியில் “முருங்கை…” என்று ஆரம்பித்தார். ஜன்னல் பக்கம் இன்னொரு பார்வை. மனிதர் மிச்சத்தை விழுங்கிவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், இவள் இருக்க நாட்டுக்கு ராணுவம் எதற்கு? குழந்தையின் இமைகள் மூடின. அவள் துண்டை எடுத்தாள். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தார்கள். தும்மல் ஒன்று என் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. தமயந்தி மெல்ல என் பக்கம் திரும்பினாள்.