இடது கீழறை

உறுதிமொழித் தாள் கடைசியாக என்னிடம் வந்தது. பேனாவும் கூடவே வந்தது.

முப்பத்தோரு ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என் பெயருக்கு நேரே மட்டும் காலி.

தாளில் இருந்தது இரண்டே வரி. பள்ளி வாங்கியிருக்கும் புதிய மென்பொருளில் உள்ள பாடங்களை மட்டுமே இனி நடத்துவேன். இணையத்தில் நான் இலவசமாக வைத்திருக்கும் பாடங்களை இன்று மாலைக்குள் நீக்கிவிடுவேன்.

இரண்டாவது வரி எனக்காகவே எழுதியது. அப்படிப் பாடம் வைத்திருப்பது இந்தப் பள்ளியில் நான் ஒருத்திதான்.

போடாவிட்டால் அடுத்த ஆண்டு என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. காலையிலேயே தலைமையாசிரியர் தனியாகக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தேன் தடவிச் சொல்லிவிட்டார்.

ஆறு ஆண்டு உழைப்பு அது. படம் வரைய ஓர் இலவசச் செயலி, கேள்வி அமைக்க இன்னொன்று, ஒலி பதிய என் கைப்பேசி. அப்படிச் சேர்ந்தவை நூற்றுப் பதினெட்டுப் பாடங்கள். எடுத்து நடத்துங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், விற்க மட்டும் செய்யாதீர்கள் என்று முகப்பில் எழுதி வைத்திருந்தேன். முகம் தெரியாத ஆசிரியர்கள் எங்கெங்கிருந்தோ எழுதுவார்கள். ஒரே ஒரு கணினி இருக்கும் பள்ளியில் ஒருவர் அதைச் சுவரில் விழவைத்து நாற்பது பேருக்கு நடத்துகிறாராம். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

பக்கத்து நாற்காலிக் கணக்கு சார் என் காதருகே குனிந்தார்.

"வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க டீச்சர். கண்ண மூடிட்டுப் போட்டுட்டுப் போங்க."

நான் கண்ணைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

முன்னால் டை கட்டிய பயிற்சியாளர் புதிய மென்பொருளின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். 'உலகத்தரம்' என்று ஒன்பதாவது முறையாகச் சொன்னார். இலவசமாகக் கிடைப்பதை யாரும் சரிபார்ப்பதில்லை, பிள்ளைகள் தப்பும் தவறுமாகப் படித்துவிடுவார்கள் என்று கவலைப்பட்டார். கவலைப்படும்போது என்னைப் பார்க்கவில்லை. யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அறிவியலுக்கு வந்தார். திரையில் மனித இதயம். பாகங்களின் பெயர்களை இழுத்துக்கொண்டுபோய் அதனதன் இடத்தில் விட வேண்டும்.

அவர் 'இடது கீழறை'யைப் பிடித்து இழுத்து, படத்தின் இடப்பக்கத்தில் விட்டார். பச்சை டிக் விழுந்தது. ஒலிபெருக்கியில் மெல்லிய கைதட்டல் கேட்டது. முன்வரிசையில் இருந்தவர்களும் தட்டினார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. பேனாவை மூடி வைத்தேன்.

"விடை தப்பு சார்."

தலைமையாசிரியர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பயிற்சியாளர் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். பத்து நிபுணர்கள் சரிபார்த்த பாடமாம். சந்தேகம் இருந்தால் நானே வந்து போட்டுப் பார்க்கலாமாம்.

போனேன்.

படத்தில் இருப்பது நம்மைப் பார்த்து நிற்கும் ஒருவருடைய இதயம். அவருக்கு இடப்பக்கம் என்றால் நமக்கு வலப்பக்கம். எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். 'இடது கீழறை'யை இழுத்து வலப்பக்கத்தில் விட்டேன்.

சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. 'தவறு. மீண்டும் முயற்சி செய்க' என்றது திரை.

பாதி அறை சிரித்தது. டீச்சருக்கு இதயமே இடம் மாறி இருக்கிறது போல என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, மீதிப் பாதியும் சிரித்தது. கணக்கு சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு வெட்கமாக இல்லை. கோபம்தான் வந்தது. கோபத்துக்கு அடியில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

"நீங்க போட்ட விடைய இன்னொரு தடவ போடுங்க சார். சத்தத்த நல்லாக் கூட்டி வைங்க."

அவர் உற்சாகமாகக் கூட்டினார். இழுத்தார், விட்டார். பச்சை டிக்.

கைதட்டல் இப்போது அறையை நிறைத்தது. ஒரு பெஞ்ச் இழுபடும் சத்தம். இரண்டு கைகள் மட்டும் தாமதமாகத் தட்டின. எல்லாம் அடங்கும் இடத்தில், தெளிவாக, ஒரு தும்மல்.

சிரிப்பு நின்றது. நிபுணர்கள் பாடத்துக்குள் தும்முவார்களா என்று எல்லோரும் யோசித்திருக்க வேண்டும்.

"தும்மினது என் வகுப்புப் பொண்ணு சார். அவளுக்குச் சாக்பீஸ் தூசி ஆகாது. இந்தக் கைதட்டல என் கைப்பேசியில பதிஞ்சது நான். இந்தப் படத்த வரைஞ்சது நான். அவசரத்துல இடம் வலம் மாத்திப் போட்டதும் நான்தான்."

பயிற்சியாளர் முகத்தில் ஈயாடவில்லை. மவுஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

தலைமையாசிரியர் அவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு, பழக்கதோஷம், என்னையே பிடித்துக்கொண்டார்.

"அப்ப தப்பு உங்களோடதுதானே டீச்சர்?"

"ஆமா சார். பாடம் நடத்துறப்ப அந்தப் பொண்ணே எழுந்து நின்னு தப்பச் சுட்டிக் காட்டிச்சு. அன்னிக்கே திருத்திட்டேன். இவங்க அதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க."

கையெழுத்துப் போடாத தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"திருத்தினது என்னோட இணையப் பக்கத்துல மட்டும்தான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள அழிக்கச் சொல்றீங்களே, அதுல."