எருமைத் தீவின் சட்டசபை

குளத்தில் எருமை இறங்கிப் படுத்தால் முதுகு மட்டும் ஒரு தீவு மாதிரி வெளியே தெரியும். அந்தத் தீவில் குடியிருந்த உண்ணிக்கொக்கும் கரிச்சான் குருவியும் ஒருநாள் தன்னாட்சி கேட்டு மனு கொடுத்தன.

எருமை அசைபோட்டுக்கொண்டே சொன்னது: "தாராளமா வச்சுக்கங்க. கொடி, சட்டம், உண்ணி பொறுக்குற உரிமை எல்லாம் உங்களோடது. எங்கே நடக்கிறது, எப்போ முங்குறதுங்கிறது மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

சின்ன விஷயம்தானே என்று இரண்டும் ஒத்துக்கொண்டன. வால் பக்கம் ஒரு கோரைப்புல் கொடியாக நின்றது. கொக்கு முதலமைச்சர், கரிச்சான் எதிர்க்கட்சி. கழுத்துப் பக்கத்து உண்ணி யாருக்கு என்ற மசோதா சூடு பிடித்த நேரத்தில் எருமை முங்கியது. கொடி மிதந்து போயிற்று. முதலமைச்சருக்கு மூக்கில் தண்ணீர் ஏறியது.

"இதுக்குப் பேர்தான் தன்னாட்சியா?" என்று எதிர்க்கட்சி கத்தியது.

கொக்கு இரண்டு நாள் எருமையையே கவனித்தது. முங்குவதற்கு முன்னால் அது காது இரண்டையும் பின்னால் மடக்கும்.

அடுத்த முறை காது மடங்கியதும் கொக்கு எழுந்து நின்றது. "எருமை உடனே முங்க வேண்டும் என்று இச்சபை உத்தரவிடுகிறது!" என்று அறிவித்துவிட்டுப் பறந்தது. எருமை முங்கியது.

அந்த மாதத்தில் பதினோரு உத்தரவு. பதினொன்றும் நிறைவேறின.

கரிச்சானுக்கு மட்டும் லேசான பயம். "ஒருநாள் அது நம்ம உத்தரவை மீறிட்டா என்னங்க பண்றது?"

"இதுவரைக்கும் ஒரு தடவைகூட மீறினதில்லையே," என்றது கொக்கு, ஈரக் காலை உதறிக்கொண்டே.