ஒன்பதாம் மாடி வரை காய்ந்தது

பாளையங்கோட்டையின் அந்த அடுக்குமாடியில் லிப்ட் ஓடுவது அவரவர் வீட்டுக் குப்பையில்தான். குப்பையை அரைத்து, கட்டியாக்கி, காயவைத்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரம் லிப்ட் தூக்கும். ஈரம் இருந்தால் பாதியில் இறக்கிவிட்டு நன்றி சொல்லும்.

ஒன்பதாம் மாடி ஆவுடையப்பனை அது ஆறாம் மாடி தாண்டித் தூக்கியதே இல்லை. ஆனால் மகள் மேகலா ஆபரேஷனில் பிள்ளை பெற்று, வயிற்றில் தையலோடு வரப்போகிறாள். வீட்டில் சாம்பாரை நிறுத்தினார். அவள் வரும்வரை பத்து நாளும் இட்லிப் பொடிதான், அதுவும் எண்ணெய் இல்லாமல். குப்பைக் கட்டிகளைப் பால்கனியில் பரப்பி, வேளை தவறாமல் வடகம் போலத் திருப்பிப் போட்டார்.

மேகலா கைக்குழந்தையோடு ஏறிய அன்று லிப்ட் எங்கும் தயங்கவில்லை. ஒன்பது என்று காட்டியதும் ஆவுடையப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுவாரக் குப்பையில் டயப்பர் சேர்ந்தது. லிப்ட் அவரைத் தரைத்தளத்திலேயே நிறுத்தி நன்றி சொன்னது.

படியேறினார். மூன்றாம் மாடியில் ஜெபசீலி கதவைத் திறந்தாள்.

"என்ன அண்ணாச்சி, பத்து நாளா காயப்போட்டு அவ்வளவு பெருமை பேசினீய. இப்ப நீங்களும் படிதானா?"

"பேத்தி வந்திருக்கால்லா," என்றார் மூச்சு வாங்க. "ஒரு நாளைக்குப் பன்னெண்டு டயப்பர்."

மிச்சமுள்ள மாடிகளிலும் யாராவது கதவைத் திறந்து கேட்க வேண்டுமே என்று, செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டே ஏறினார்.