வானத்தில் போன் எடுக்காது

"மணி என்ன ஆச்சுப்பா?" என்று அந்தப் பெண்பிள்ளை மறுபடியும் கேட்டாள்.

லண்டனில் விமானம் கிளம்பியதிலிருந்து இதே பாட்டுதான்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இடுப்புவலிக்காரி உட்கார்ந்தே வர முடியாது என்று என் மகன் பிசினஸ் கிளாஸில் டிக்கெட் போட்டிருந்தான். சீட்டை இழுத்தால் கட்டில் ஆகிவிடுகிறது. மெத்தை, போர்வை, தலையணை எல்லாம் உண்டு. இருந்து என்ன புண்ணியம்? நடைபாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு வாண்டுகள்.

ராயப்பன்பட்டியில் முப்பது வருடமாக ஒண்ணாப்புப் பிள்ளைகளோடு கத்துகிறேன். வானத்திலும் எனக்கு அதே தலையெழுத்து.

சின்னவன் ஜூஸைத் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டான். பின்சீட்டிலிருந்து அப்பன்காரன் எழுந்து வந்தான். முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டான்.

"ஏலே மகிழா, கால மடக்குலே. இங்கன ஒக்காரு."

அடப்பாவி, நம்ம ஊர்ப் பேச்சு!

"எந்த ஊருப்பா?" என்றேன்.

காமயகவுண்டன்பட்டியாம். பெயர் ஈஸ்வரபாண்டி. எங்கள் ஊரிலிருந்து டவுன்பஸ்ஸில் போய்விடலாம். நான் ராயப்பன்பட்டி டீச்சர் என்று சொல்லிக்கொண்டேன். என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. பெரியவள் சினேகா, இரண்டாவது படிக்கிறாள். சின்னவனுக்குக் குலசாமி கோயிலில் காது குத்து. சம்சாரத்துக்கு லீவு கிடைக்கவில்லை, பின்னால் வருவாளாம்.

இரண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகக் கூட்டிக்கொண்டு வருகிறான். இரண்டுக்கும் கடை மடிப்புக்கூடக் கலையாத புது டீ-ஷர்ட். எங்கள் வீட்டு ஆம்பளைகள் இவனிடம் டியூஷன் படிக்க வேண்டும்.

"தாய்மாமன் எந்த ஊரு?"

"அவுக வரமாட்டாக டீச்சர். எங்க அண்ணன் மடியில வச்சுக் குத்திக்கிருவோம்."

எனக்குச் சுருக்கென்றது. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்களான எங்கள் வீட்டிலேயே தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளையின் காதில் ஊசி படாது. சரி, மாமன் மச்சான் சண்டை இல்லாத குடும்பம் எது? நோண்டிக் கேட்டு அவனைச் சங்கடப்படுத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாடு வந்தது. வெள்ளைத் துணி விரித்து, பீங்கான் தட்டில் வைத்தார்கள். சினேகா அதைத் தொடவில்லை. காலடியில் கிடந்த பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். புளிச்சாதம், ஓரத்தில் உருளைக்கிழங்கு.

"அம்மா கட்டுனது" என்றாள்.

பிளேனுக்கும் கட்டுச்சோறு கட்டி விட்டிருக்கிறாளே, கெட்டிக்காரி என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

பாதி சாப்பிட்டதும் சினேகாவுக்கு உதடு பிதுங்கியது.

"அம்மாகிட்டப் பேசணும்."

அழுகை பிடித்துக்கொண்டது. முன்சீட்டு வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஈஸ்வரபாண்டிக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"வானத்துல போன் எடுக்காதுத்தா. வேணும்னா டீச்சரக் கேளு. டீச்சர்மாருக பொய் சொல்ல மாட்டாக."

அவன் என்னைப் பார்த்த பார்வை பாவமாக இருந்தது. 'சாப்டியாம்மா?' என்று என் மகன் அனுப்பியிருந்த செய்தி அப்போதுதான் வந்திருந்தது. பிசினஸ் கிளாஸ்காரர்களுக்கு வைஃபை இலவசம். நான் போனைப் போர்வைக்கு அடியில் தள்ளினேன்.

"ஆமாத்தா. இங்கன போன் எடுக்காது."

இதெல்லாம் எனக்குப் புதிதா? பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள் அழுகிற பிள்ளைகளிடம், 'அம்மா வாசல்லதான் நிக்கிறாக, எங்கயும் போகல' என்று எத்தனை பொய் சொல்லியிருப்பேன்.

அழுகை நின்றது. ஈஸ்வரபாண்டி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். கொஞ்ச நேரத்தில் சின்னவனும் அவனும் அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டார்கள். பணிப்பெண் ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டுப் போனாள்.

நான் போனை எடுத்து மகனுக்குப் பதில் எழுதப் போனேன்.

"டீச்சர், மணி என்ன?"

அவள் தூங்கவே இல்லை.

"நம்ம ஊரு மணியா, லண்டன் மணியா?"

"லண்டன்."

"மூணரை ஆகப் போகுது."

"அப்ப ஸ்கூல் விட்டாச்சு" என்றாள். குரல் உள்ளே போய்விட்டது.

"ஒனக்குத்தான் லீவாச்சே!"

"லீவு இல்ல டீச்சர். ஸ்கூலுக்குத்தான் கிளம்புனோம். அப்பா காரை ஏர்போர்ட்டுக்கு ஓட்டிட்டு வந்துட்டாரு. அம்மா எங்களக் கூப்பிட வந்திருப்பாங்க. வாசல்ல நின்னுக்கிட்டே இருப்பாங்க. அவங்களுக்கு யாருமே சொல்லல."

புது டீ-ஷர்ட்டுக்குக் கீழே அவள் கால்களில் கறுப்புப் பள்ளிக்கூட ஷூ. தூங்குகிற தம்பியின் காலிலும் அதே ஷூ. அந்தப் புளிச்சாதம் மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாப்பிடக் கட்டிக் கொடுத்தது. முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்தவள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அந்த அப்பனை மெச்சிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அம்மா நம்பர் தெரியுமாத்தா?" என்றேன்.

அவள் என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். திரையில் என் மகனிடமிருந்து இன்னொரு செய்தி வந்து விழுந்தது. அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

நான் எட்டிப் பிடிப்பதற்குள் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா! அப்பா! எந்திரிங்கப்பா! டீச்சர் போன் எடுக்குது. அம்மாகிட்டச் சொல்லிரலாம்!"

ஈஸ்வரபாண்டி கண்ணைத் திறந்தான். முதலில் என் கையைத்தான் பார்த்தான்.