ஐஸ்லாந்துக்காரி

“எதுக்குங்க அந்த ‘டூ’? கேள்வி கேட்டா மட்டும் எங்கிருந்தோ வந்து முன்னாடி உக்காந்துக்குது?” போர்ச்சுகல்காரர் துவார்த்தே மேசையைத் தட்டினார்.

“உக்காந்தா உக்காரட்டும். உன் மடியிலயா உக்காந்துது?” என்று போலந்து ஹலீனா கத்தினாள்.

இருவருக்கும் முட்டைக்கோஸ் பேக்கிங் ஆலையில் ஒரே ஷிஃப்ட். அங்கே விட்ட சண்டையை இங்கே, ஸ்பால்டிங் நூலக மாடியில், ஆங்கில இலக்கண வகுப்பில் வந்து தொடர்வார்கள்.

கடைசி வரிசை சிக்ரிட் மட்டும் வாய் திறக்கவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு உச்சரிப்பு நழுவிவிடும்.

அவள் சிக்ரிட்டே இல்லை. ஜில்லியன் ஓட்லிங். ஐஸ்லாந்தை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. நாலு ஊர் தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர்.

இங்கிலாந்தில் பிறந்தவளுக்கு இங்கிலீஷ் தெரியாதா என்று கேட்காதீர்கள். பேச வரும். அவள் படித்த காலத்தில் இலக்கணம் பழம்பஞ்சாங்கம் என்று பள்ளிகளில் ஒதுக்கிவிட்டார்கள். இப்போது பொடிசுகளுக்கு அதிலேயே அரசாங்கத் தேர்வு. இதில் எழுவாய் எது மிஸ் என்று கேட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்பாள். எத்தனை நாளைக்கு?

தெரியாது என்று தலைமையாசிரியையிடம் சொன்னால் வேலை போகும். இந்த வகுப்போ வெளிநாட்டாருக்கு மட்டும். வேறு யாராயிருந்தாலும் உண்மையைச் சொல்லிக் கெஞ்சியிருப்பார்கள். இவள் இங்கிலீஷ்காரி ஆயிற்றே; வெட்கப்படுவதைவிட நாடு மாறுவது சுலபமாக இருந்தது. ஊரில் ஒரு ஐஸ்லாந்துக்காரர்கூட இல்லை என்று விசாரித்துக்கொண்டுதான் மாறினாள்.

கதவு திறந்தது. வாத்தியார் டெரிக் ஒருவரை அழைத்து வந்தார். ஐம்பது வயது, கார்டுராய் கோட்டு, காதுவரை சிவந்த முகம்.

“சிக்ரிட், யாரு வந்திருக்காருன்னு பாருங்க. உங்க ஊர்க்காரர், பியோர்ன். ரெண்டு வார்த்தை உங்க பாஷையில பேசுங்களேன், நாங்களும் கேக்குறோம்.”

துவார்த்தேயும் ஹலீனாவும்கூட சண்டையை நிறுத்தித் திரும்பினார்கள்.

ஜில்லியனுக்குப் பள்ளிக்கூடம், சம்பளம், தலைமையாசிரியையின் மூக்குக்கண்ணாடி எல்லாம் கண்முன் வந்து போயின.

“ஹோர்ஸ்கா ப்ளிந்துர் மோல்வி,” என்றாள். எந்த நாட்டிலும் இல்லாத பாஷை.

பியோர்ன் கோட்டுப் பொத்தானைத் திருகினார். பிறகு மெல்லத் தலையாட்டி, “ப்ளிந்துர், ப்ளிந்துர்,” என்று தொடங்கி மளமளவென்று ஏதோ சொன்னார். வகுப்பு கைதட்டியது.

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. எப்பேர்ப்பட்ட மனிதர், காட்டிக்கொடுக்கவில்லையே.

“என்ன கேட்டீங்க, சிக்ரிட்?” டெரிக்குக்கு ஒரே ஆர்வம்.

“மழை வருமான்னு.”

“அங்கேயும் இதே பேச்சுதானா?” என்று ஹலீனா முனகினாள்.

வகுப்பு முடிந்து பஸ் நிறுத்தத்தில், சிக்ரிட்டின் கொச்சை இங்கிலீஷில் நன்றி சொல்ல அவரிடம் போனாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் அசல் லிங்கன்ஷயர் உள்ளூர்ப் பேச்சு.

“யம்மாடி, நீங்க நெசமாவே அந்த ஊரோன்னு எனக்குக் குலை நடுங்கிப்போச்சு. நான் உளறினதுக்கு நீங்க முழிக்காம இருந்தப்பதான் உசிரு வந்துச்சு.”

கிளைவ் மால்ட்பி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியர். அவருக்கும் எழுவாய் தெரியாது.

அடுத்த வசந்தத்தில், வகுப்பில் ஒருவருக்கும் சொல்லாமல், இருவரும் கல்யாணம் செய்துகொண்டு கென்டலுக்குக் குடிபோனார்கள். ஜில்லியனின் வகுப்புப் பிள்ளைகள் தேர்வில் நன்றாகவே எழுதியிருந்தார்கள். துவார்த்தேயும் ஹலீனாவும் இப்போது ஒரே வீட்டில் சண்டை போடுகிறார்கள்.

டெரிக் போன கோடையில் ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யாவிக் போய்வந்தார். விமான நிலையத்திலிருந்து மீன் கடைவரை எல்லோரிடமும் சிக்ரிட் சொன்னபடியே மழை வருமா என்று கேட்டாராம். பாவம், அங்கே ஒருவருக்கும் சொந்த மொழியே சரியாகத் தெரியவில்லை என்று வருத்தப்படுகிறார்.