கடைசிக் கோளாறு

அந்தப் பழைய கார் மூன்றாவது முறையாகக் குறையோடு பட்டறைக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் கரண்ட் அக்கா கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள்.

வண்டிகளில் வயர் வேலை பார்ப்பதால் வந்த பெயர் அது. பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

சும்மா இருந்த கார்க்காரரிடம் வாயைக் கொடுத்தவளும் அவள்தான். பழைய மஞ்சள் பல்பைத் தூக்கிப் போடுங்கள், எல்இடி போட்டால் ரோடு பட்டப்பகல் மாதிரி இருக்கும் என்று அடித்துச் சொல்லி, அவர் தலையில் கட்டிவிட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவர், தன் வண்டியின் பார்வைக்கு இவளிடம் வந்து மாட்டிக்கொண்டார்.

அவருக்குச் சமீபத்தில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவியோடு, மனைவியின் பதின்மூன்று வயது மகளும் வீட்டுக்கு வந்திருந்தாள். சாயங்காலம் நீச்சல் வகுப்பிலிருந்து அவளைக் கூட்டிவருவது இவர் பொறுப்பு. வழியில் தெருவிளக்கே இல்லாத சாலை. அதற்குத்தான் நல்ல வெளிச்சம் வேண்டுமென்றார். பெண் இன்னும் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதையும் முதல் நாளே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். கேட்கக் கரண்ட் அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது.

விளக்குப் போட்ட மறுநாளே ஒரு பக்கம் எரியவில்லை. பழைய பல்பு எப்படி மாட்டினாலும் எரிந்து தொலைக்கும். எல்இடி ப்ளஸ், மைனஸ் பார்க்கும். பிளக்கைத் திருப்பி மாட்டி அனுப்பினாள்.

அடுத்த வாரம் இரண்டு விளக்கும் சேர்ந்து கண்ணடித்தன. எர்த் வயரின் முனையில் துரு. சுரண்டி இறுக்கி அனுப்பினாள்.

இப்போது, எதிரே வருகிறவர்கள் கண் கூசித் திட்டுகிறார்களாம்.

பட்டறை அவளுடைய அக்கா வீட்டுக்காரருடையது. மாமா மேசையிலிருந்து எழுந்திருக்காமலே சொல்லிவிட்டார்.

“இந்த வண்டி இன்னொரு தடவை குறைன்னு வந்து நின்னுச்சு, எல்இடி வேலையையே இங்க நிறுத்திடுவேன். பாத்துக்கோ.”

மாமா சொன்னால் சொன்னதுதான். அந்த வேலையைப் பட்டறைக்குக் கொண்டுவந்ததே அவள். அதில்தான் அவளுக்கு இங்கே ஒரு மதிப்பும் வந்திருந்தது. அது போனால் மறுபடி மாமாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

பல்பைக் கொஞ்சம் திருகி, வெளிச்சம் தரும் பட்டைகள் வலமும் இடமும் பார்க்கும்படி வைத்தாள். எதிர்ச் சுவரில் வெளிச்சம் மேலே சிதறாமல் கத்தரித்த மாதிரி விழுந்தது.

அதோடு விட்டாளா? இன்னொரு குறை மிச்சம் இருக்கவே கூடாதென்று ஹார்ன், வைப்பர், ரேடியோ என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள்.

ரேடியோவில் கடுகு வெடிப்பது போல ஒரே இரைச்சல். விளக்கை அணைத்தால் பாட்டு வந்தது. போட்டால் இரைச்சல்.

எல்இடி செய்கிற வேலை. போட்ட நாளிலிருந்தே இருந்திருக்கும். மனிதர் மூன்று முறை வந்தும் இதைப் பற்றி மூச்சு விடவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரைச்சலைத் தடுக்கிற சின்ன வளையங்கள் இரண்டை விளக்கு வயரில் கவ்வவிட்டாள். பாட்டு கணீரென்று வந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

பெருமையோடு போட்டுக் காட்டினாள். கண்ணாடிக்காரரின் முகம் விழுந்துவிட்டது. மாமா பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா நினைக்காதம்மா. அந்த வளையத்தை மட்டும் கழட்டிடேன். ரேடியோ இரையறதாலதான் அவ இப்ப ரெண்டு வார்த்தை பேசுறா. பாட்டு வந்தா அவ பேச மாட்டா.”

அவர் கேட்டது அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் தெரிந்தே ஒரு கோளாறோடு வண்டியை எப்படி அனுப்புவாள்? மாமா காதில் விழுந்தால் தொலைந்தாள். முடியாது சார் என்று தலையாட்டினாள். அவர் பணம் கட்ட மாமாவின் மேசைக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணே வந்து நின்றாள். நீச்சல் குளம் அடுத்த தெருவில்தான். தலையெல்லாம் ஈரம், தோளில் துண்டு. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் முன் சீட்டில் ஏறி ரேடியோவைப் போட்டாள்.

பாட்டு வந்தது.

உடனே அணைத்தாள். விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தாள். எரிந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் பாட்டு.

பெண் மெதுவாக இறங்கினாள். கண்ணாடிக்காரர் மேசையருகே மும்முரமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, கரண்ட் அக்காவை ஒட்டி வந்து நின்றாள்.

“அக்கா, இதை முன்ன மாதிரியே கெடுத்து விட்டுடுங்களேன். பாட்டு வந்தா அவர் பேச மாட்டாரு. நான் கேட்டேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

கரண்ட் அக்கா பானெட்டைத் தூக்கினாள்.

“இன்னும் என்ன கோளாறு?” என்று மேசையிலிருந்து மாமா கத்தினார்.

“ஒண்ணே ஒண்ணுதான் மாமா. இதோ, சரி பண்ணிடறேன்” என்று சொல்லிவிட்டு வளையங்களைக் கழற்றினாள்.