ப்ரெக்கே பண்ணையின் விரல்

"ஐயா, பால் கறக்கச் சொல்லுங்க, விறகு தூக்கச் சொல்லுங்க. விரல் நீட்ட மட்டும் சொல்லாதீங்க," என்றாள் ரக்னா.

இயக்குநருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைநகர் ஓஸ்லோவிலிருந்து வந்தவர். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் காட்சியை எடுத்தாக வேண்டும் அவருக்கு.

"ஒரே ஒரு விரல்தானேம்மா. அதோ, அந்தக் கொட்டகையைக் காட்டினா முடிஞ்சுது."

வேறு ஆளை நிறுத்தவும் வழியில்லை. குளம்புச் சத்தம் கேட்டு நிமிர்கிற அவள் முகத்தைக் காலையிலேயே பெரிதாக எடுத்துவிட்டோம். முகத்தை ஒரு நேரம், கையை ஒரு நேரம் எடுத்து ஒட்டிக்கொள்வதுதான் சினிமா. ஆனால் அந்த முகத்துக்கு அந்தக் கைதான் வர வேண்டும்.

கேமராவில் இருந்தது கடைசிப் பிலிம் சுருள். அடுத்தது நீராவிக் கப்பலில் வந்தால்தான் உண்டு.

படம் சீவெர்ட்டைப் பற்றியது. பணக்காரப் பண்ணைகளில் திருடி, ஏழைகளின் வாசலில் வைத்துவிட்டுப் போனவன். எந்தச் சிறையாலும் அவனை அடைத்து வைக்க முடிந்ததில்லை. நூறு வருடத்துக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கில்தான் பிடிபட்டான். காவல் அதிகாரி வந்து கேட்டபோது ப்ரெக்கே பண்ணைக்காரன் வாயைத் திறக்கவில்லை. விரலை மட்டும் நீட்டினான். படத்தில் அவனைப் பண்ணைக்காரியாக மாற்றியிருந்தார் இயக்குநர்.

அன்றிலிருந்து ப்ரெக்கே வேலியில் ஊரார் யாரும் குதிரை கட்டியதில்லை. அந்த வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை.

அந்த வீட்டின் இன்றைய மருமகள் ரக்னா வேறு பள்ளத்தாக்கில் பிறந்தவள். அவள் கணவனின் தாத்தாவோ அந்தப் பண்ணையை விலைக்கு வாங்கியவர். காட்டிக்கொடுத்தவனின் ரத்தம் ஒரு சொட்டுகூட இன்று அந்த வீட்டில் இல்லை. ஆனால் எங்கள் நாட்டில் பண்ணையின் பெயர்தான் குடும்பப் பெயர். வாங்கியவனுக்கும் ஒட்டும், வாக்கப்பட்டவளுக்கும் ஒட்டும், கூடவே பழியும் ஒட்டும். பள்ளிக்கூடத்தில் யாராவது பெயர் கேட்டால் அவள் மகள் 'தூரா' என்பதோடு நிறுத்திக்கொள்கிறாளாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஹால்வர். படத்தில் அதிகாரியின் ஆட்களாகக் குதிரையில் வருகிற அத்தனை பேரும் ஊர் விவசாயிகள்தான். முன்னால் வருகிறவர் அவர்.

"வழி தெரியலன்னா ப்ரெக்கேல கேக்கணும், தம்பி," என்றார் சேணத்தை இறுக்கிக்கொண்டே. "அங்க ஒரு விரல் எப்பவும் ரெடியா இருக்கும்."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ரக்னாவின் காதில் விழுந்தது. படத்துக்காகக் கொடுத்த பழங்காலப் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, நிக்கிறேன்," என்றாள்.

லென்ஸ் வளையத்தைத் திருப்புவது என் வேலை. கேமரா ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். ஆள் அசைந்தால் வளையமும் அசைய வேண்டும். அவள் முகம் இருக்கும் தூரத்துக்கு வளையத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தேன். இடப்பக்கம், கேமராவுக்கு அருகே இருந்த கொட்டகையை நோக்கி நீளப்போகும் விரலுக்கு இன்னொரு கோடு.

கொட்டகைக்குள் சீவெர்ட்டாக நடிப்பவர் ஒளிந்திருந்தார்.

குதிரைகள் வந்து நின்றன.

"சீவெர்ட் எங்க?" என்று அதட்டினார் அதிகாரி வேடக்காரர்.

விறகுக் குவியலுக்குள் மைக் இருந்ததால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ரக்னாவின் கை உயர்ந்தது. விரல் நீண்டது. கொட்டகைப் பக்கம் பாதி தூரம் வந்தது.

அங்கே நிற்கவில்லை. மெல்லத் திரும்பி, அவளுக்குப் பின்னால் வலப்பக்கம் வெண்பட்டைப் பூர்ஜ மரங்களுக்கு நடுவே மேலேறும் பாதையைக் காட்டி நின்றது.

அந்தத் தூரத்துக்கு என் வளையத்தில் கோடு இல்லை. குத்துமதிப்பாகத் திருப்பினேன்.

எங்கள் மலைக் குதிரைகளின் சுபாவம் ஒன்று உண்டு. முதல் குதிரை போகிற பக்கம்தான் மற்றவையும் போகும், கடிவாளத்தை எவ்வளவு இழுத்தாலும் சரி. ஆகவே அந்த நொடியில் எல்லாம் ஹால்வரின் கையில் இருந்தது.

அவர் கொட்டகையைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். அது இறங்கவில்லை.

ஹால்வர் சிரிக்கவில்லை. கடிவாளத்தை வலப்பக்கம் இழுத்தார்.

மொத்தக் கூட்டமும் பாதையில் ஏறியது. அதிகாரியின் குதிரையும் இந்த ஊர்க் குதிரைதானே. அவர் திரும்பி உட்கார்ந்து, "கொட்டகைய வளைங்கடா! டேய், கொட்டகைய!" என்று கத்தியபடியே மரங்களுக்குள் மறைந்தார்.

கொட்டகைக் கதவு கொஞ்சம் திறந்தது. வாயில் புகைக்குழாயோடு சீவெர்ட் எட்டிப் பார்த்தார்.

"என்னைப் புடிக்க யாரும் வரலியா?"

இயக்குநர் தலையில் கை வைத்திருந்தார். 'கட்' சொல்ல மறந்துவிட்டார். சொல்லாதவரை நிறுத்தக் கூடாது என்பதால் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்தப் பாதை எங்கம்மா போகுது?" என்றார் கடைசியில்.

மேலே குளம்புச் சத்தம் நின்றிருந்தது. ஹால்வர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. "தூரா! தூரா ப்ரெக்கே! குதிரைய எங்கம்மா கட்டுறது?"

"எங்க வீட்டுக்கு," என்றாள் ரக்னா. "அதுக்கு மேல பாதை இல்ல."

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியவள், பாதி மேட்டில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க காப்பிக் கப்பெல்லாம் கொஞ்சம் தர்றீங்களா? அத்தன பேருக்கு எங்க வீட்டுல கிடையாது."